பத்து மணிக்கு முன் வந்த ஜோடிகள்

நடந்தவை, வரிசைப்படி:

1. ஒரு திங்கட்கிழமை காலை பேஸ்ட் மூடியைத் திருக முடியவில்லை. இரண்டு கை விரல்களும் மடங்க மறுத்தன.
2. கையை அடியில் வைத்துப் படுத்திருப்பாய் என்றாள் அம்மா.
3. ஆறு வாரம் கையை அடியில் வைக்காமல் படுத்துப் பார்த்தேன்.
4. வேலூரில் ரத்தம் எடுத்துப் பார்த்து முடக்குவாதம் என்றார்கள். முழுக்கக் குணமாகாது, கட்டுக்குள் வைக்கலாம். எனக்கு வயது இருபத்தாறு.
5. வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடும் மாத்திரை தந்தார்கள். தினமும் சாப்பிட்டுவிடக் கூடாது என்று மூன்று பேர் தனித்தனியாக எச்சரித்தார்கள்.
6. சொந்தக்காரர்கள் எல்லோரும் “இந்த வயசுலயா?” என்றார்கள், நான் ஏதோ வரிசையில் முண்டியடித்து முன்னால் போய்விட்டதுபோல.
7. ஆகவே கம்பெனியில் யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன்.

ஏழாவதில்தான் பிசகினேன்.

ஆம்பூரில், வெளிநாட்டுக்குக் குழந்தைகள் ஷூ அனுப்பும் ஒரு கம்பெனியில் நான் செக்கர். லெதர் டெக்னாலஜி டிப்ளமோ முடித்து வாங்கிய வேலை. லைனின் கடைசியில் ஒரு மேஜை, அதற்கு மேலே ட்யூப்லைட், இரண்டுக்கும் நடுவில் நான். ஷூவின் வெளிப்பக்கத்தைக் கண் பார்த்துவிடும். உள்ளே கண் போகாது, விரல்தான் போக வேண்டும். நான்கு விரல்களை நுனிவரை விட்டுத் தடவினால் லைனிங்கில் மடிப்பு விழுந்திருப்பது தெரியும், பசை கட்டி தட்டியிருப்பது தெரியும், எங்காவது ஆணி தலைநீட்டினால் அதுவும் தெரியும். தெரிந்த இடத்துக்கு நேராக வெளியே ஒரு குட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி லைனுக்கே திருப்பி அனுப்புவேன். அம்பு ஒட்டிய ஷூ திரும்பிப் போகும்போது அங்கிருந்து வரும் முணுமுணுப்பு எனக்குக் கேட்காது என்பது அங்கே எல்லோருடைய நம்பிக்கை.

முடக்குவாதம் காலையில்தான் அதிகாரம் செலுத்தும். எட்டரைக்கு லைன் ஓடத் தொடங்கும்போது என் விரல்கள் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த கேரட் மாதிரி இருக்கும். பத்து மணிக்கு மேல் மெல்ல மெல்ல என் விரல்களாகும். அந்த ஒன்றரை மணி நேரத்தைச் சமாளிக்கத் திட்டங்கள் வைத்திருந்தேன். பஸ்ஸில் கம்பியை முழங்கையால் கட்டிப் பிடிப்பேன். டிபன் பாக்ஸ் மூடியை முழுக்க அழுத்த மாட்டேன். யாராவது கையைப் பார்த்தால் நெயில் பாலிஷ் காயவில்லை என்பேன். என் நகத்தில் நெயில் பாலிஷே கிடையாது என்பதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மணிக்கொரு தரம் எத்தனை குறை கிடைத்தது என்று கிராஃப் போடுவது என் வழக்கம். யாரும் கேட்டுப் போட்டதில்லை, எனக்குப் பிடிக்கும். மாத்திரை தொடங்கி இரண்டு மாதம் ஆன சமயம், அந்தக் கிராஃபில் ஒரு பள்ளம் விழ ஆரம்பித்தது. பத்து மணிக்கு மேல் கோடு எப்போதும்போல ஏறி இறங்கியது. காலை நேரத்தில் மட்டும் குறைந்து குறைந்து, ஒரு வாரம் முழுக்கத் தரையோடு ஒட்டிக்கொண்டது.

கணக்கில் பிசகா என்று மறுபடி எண்ணிப் பார்த்தேன். லைன் ஒரேநாளில் திருந்தியிருக்க வழியில்லை. அப்படியானால் குறைகள் வருகின்றன, என் கேரட்டுகளுக்குத் தெரியவில்லை. ஆணி தலைநீட்டிய ஷூ டப்பாவுக்குள் போய், கப்பலேறி, எங்கேயோ ஒரு குழந்தையின் காலுக்குப் போகிறது. இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னால், விரல் வேலை செய்யாத செக்கரை யார் வைத்துக்கொள்வார்கள்?

சொல்வதற்கு முன் ஆதாரம் வேண்டும் என்று என் படிப்பு சொன்னது. மதியம் மூன்று மணிக்கு விரல்கள் நல்ல நிலையில் இருக்கும். காலையில் பாஸ் செய்த இருபது டப்பாக்களை பேக்கிங்கிலிருந்து எடுத்துவந்து மறுபடி தடவினேன். ஒரு குறைகூட இல்லை. மறுநாள் இருபது, அதற்கு மறுநாள் இருபது. மடிப்பு இல்லை, பசை இல்லை, ஆணி இல்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும், சந்தேகம்தான் வந்தது. எங்கள் லைனை எனக்குத் தெரியும். அறுபது ஜோடி தொடர்ந்து சுத்தமாக வருவது அதன் சுபாவமே இல்லை.

அன்று மாலை ஹாட் கன் மேஜைக்கு அடியில் குப்பைக் கூடையைப் பார்த்தேன். சூடான காற்றடித்து மடிப்பு எடுக்கும் மேஜை அது, லைனில் எனக்கு முந்தையது. கூடையில் அம்பு ஸ்டிக்கர் தாள் ஒன்று கிடந்தது. அம்புகள் எல்லாம் உரித்து எடுக்கப்பட்டிருந்தன. அந்தத் தாள் என் டிராயரில் மட்டும்தான் இருக்கும்.

மறுநாள் காலை மேஜைக்குப் போகாமல் ரேக்குக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஹாட் கன் மேஜையில் இரண்டு பேர். ஒருவர் குடியாத்தத்து அக்கா, வீட்டில் லுங்கி பவர்லூம் ஓடுகிறது, தினமும் என்னோடு ஒரே கம்பெனி பஸ். இன்னொருவர் உள்ளூர் ஆபா. உருதுவில் ஆபா என்றால் அக்கா, வயதில் மூத்தவர் என்பதால் லைனில் எல்லோருக்கும் ஆபா. ஆபா மணிக்கட்டுவரை ஷூவுக்குள் கையை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தடவினார். “பசை” என்றார். அக்கா ஒரு அம்பை ஒட்டினார், பசையைச் சுரண்டினார், அம்பை உரித்தார், ஷூவை என் மேஜைப் பக்கம் தள்ளினார். நான் செய்வதைவிடச் சுத்தமான வேலை.

முன்னால் போய் நின்றேன். இருவரும் அசரவில்லை.

“அது என் வேலை, அக்கா.”

“பத்து மணிக்கு மேல உன் வேலை” என்றார் அக்கா. “அதுவரிக்கும் உன் கை லீவுல கீதுல்ல.”

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். டிபன் பாக்ஸை நான் முட்டியில் இடுக்கித் திறந்த நாளிலிருந்து தெரியுமாம். ஆபாவின் நாத்தனாருக்குப் பத்து வருடமாக இதே வியாதி. என் விரலைப் பார்த்த மாத்திரத்தில் பெயரையும் சொல்லிவிட்டாராம். திங்கட்கிழமைகளில் நான் குமட்டலில் பாதி இட்லியை மிச்சம் வைப்பதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை மாத்திரை என்பதையும் கண்டுபிடித்திருந்தார்கள்.

“அப்புறம் ஏன் சொல்லல?”

“நீ சொன்னியா?” என்றார் ஆபா. “நெயில் பாலிஷாம். எங்களுக்கு மட்டும் கண்ணு கம்மியா?”

எனக்குக் கோபம் வந்தது. இவர்கள் அளவுக்கு மீறிச் சுத்தமாகப் பார்த்ததால்தான் கிராஃப் தரையில் கிடந்தது, ஒரு வாரமாக நான் வேலையை விடும் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன் என்றேன். அக்காவின் முகம் மாறியது. இருவரும் கொஞ்ச நேரம் உருதுவும் தமிழுமாகக் கலந்து பேசிக்கொண்டார்கள். பிறகு அக்கா, கீரைக்காரரிடம் பேசும் தொனியில், “சரி, தினம் ரெண்டு வுட்றோம். மடிப்பு ஒண்ணு, பசை ஒண்ணு. போதுமா?” என்றார்.

“ஆணி வேணாம்” என்றார் ஆபா. “கொழந்தை கால் அது.”

குறையைத் தெரிந்தே அனுப்பச் சம்மதிக்கும் அளவுக்கு என் டிப்ளமோ இறங்கி வரவில்லை. பொய்க் கிராஃப் எனக்கு வேண்டாம், குவாலிட்டி மேனேஜரிடம் போய் உள்ளதைச் சொல்லப்போகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. தனியாகப் போக வேண்டாம் என்று அக்கா கையைத் துடைத்துக்கொண்டு கூடவே கிளம்பினார். ஹாட் கன்னை யார் பார்ப்பது என்று கேட்டதற்கு, ஆபாவுக்கு இரண்டு கை இருக்கிறது என்றார்.

குவாலிட்டி மேனேஜர் சார் கிராஃபைப் பார்த்ததும், காலையில் குறை கம்மி, நல்லதுதானே என்றார். நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று விளக்கினேன்: வியாதி, காலை விறைப்பு, அக்காவும் ஆபாவும் செய்தது. அவர் என் விரல்களைப் பார்த்தார், கிராஃபைப் பார்த்தார். மடிப்பை உண்டான இடத்திலேயே எடுத்துவிட்டால் ஒரு ஷூ லைனில் இரண்டு முறை நடக்க வேண்டாமே என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு அக்காவிடம் இதை நாள் முழுக்கச் செய்ய முடியுமா என்று கேட்டார்.

“செய்யலாம் சார். ஆனா மணிக்கு இத்தினி ஜோடின்ற எங்க கணக்கக் கம்மி பண்ணணும். அப்புறம் காலைல இந்தப் பொண்ண மேஜைல ஒக்கார வைக்கக் கூடாது.”

நான் கேட்கத் தயங்கியதை அக்கா பேரத்தோடு பேரமாக வைத்துவிட்டார். சார் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்டார். காலைச் செக்கிங்குக்கு வேறு லைனிலிருந்து ஆள் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். ரிப்போர்ட் எழுதும் வேலையைக் காலையில் நான் எடுத்துக்கொள்ளலாம் என்றார். கடைசியில், மூன்று மாதம் பார்க்கலாம், என் மேஜை தாண்டிய ஷூவில் ஒரு புகார் வந்தாலும் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும் என்றார்.

வெளியே வந்ததும் அக்கா, இனி அம்புத் தாள் ஒன்று தன் பெயரிலேயே வேண்டும், திருடித் திருடி அலுத்துவிட்டது என்றார். ஸ்டோரில் எழுதி வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது இரண்டாவது மாதம் நடக்கிறது. காலையில் என் மேஜையில் வேறு லைன் ஆள் இருக்க, நான் தடித்த பேனாவால் ரிப்போர்ட் எழுதுகிறேன், பத்தேகாலுக்கு மேஜைக்குப் போகிறேன். சில நாள் பதினொன்று ஆகிறது. போன வாரம் இடது மணிக்கட்டு வீங்கி ஒருநாள் லீவு போட்டேன். காரணத்தை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். ஹாட் கன் மேஜையிலிருந்து தப்பி வரும் குறைகளுக்கு அம்பு ஒட்டித் திருப்பி அனுப்புகிறேன், முணுமுணுப்பு வருகிறது. இதுவரை புகார் இல்லை. வேலை இருக்கிறது. அடுத்த மாதக் கடைசியில் சார் மறுபடி கூப்பிடுவார், அக்காவும் வருகிறார்.