அண்ணியின் மணிக்கட்டு

திரைச்சீலைக் கடையில் எல்லோரும் அவளை ஊசி என்றே கூப்பிட்டார்கள். ஆளும் ஒல்லி, வாயும் கூர்மை. அந்தப் பெயரை முதலில் வைத்தது யாரென்று யாருக்கும் நினைவில்லை. பொருந்தவில்லை என்று சொன்னவரும் இல்லை. வேலையை விட்டுப் பல வருஷமாகிவிட்டது. இப்போது அப்படிக் கூப்பிட ஆளும் குறைந்துவிட்டது. ஆனாலும் மூட்டு ஒத்துழைக்கிற காலைகளில் அவள் சன்னலோரம் நின்று இரண்டு கைகளையும் மெல்ல மேலே எழுப்பும்போது அந்தப் பழைய சனிக்கிழமைகள் வரிசையாக வந்து நின்றுவிடும்.

கடையின் பின்னறையில்தான் அவளுடைய தையல் இயந்திரம் இருந்தது. திரைச்சீலை தைப்பது சட்டை தைப்பது மாதிரி இல்லை. கூரை உயரத்துக்குத் தொங்கப்போகிற துணி, உள்ளே அடித்துணி வேறு. மடியிலிருந்து அது வழுக்கி விழாமல் தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டே ஊசிக்கு அடியில் தள்ள வேண்டும். நாள் முழுக்கக் குனிந்தே இருந்ததில் அவள் கழுத்து கட்டையாகிப் போனது. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்ப வராது, முழு உடம்பும் திரும்பும். துணி வெட்டுகிறவர் உடனே குரல் கொடுப்பார்: "கப்பல் திரும்புது, எல்லாரும் வழி விடுங்க."

அவரேதான் ஒருநாள் கத்தரியை வைத்துவிட்டுச் சொன்னார். "டயர் கடைக்கு மேல ஒரு ஹால் இருக்கு பாரு. சனிக்கிழமை சாயங்காலம் அங்க தாய் சீ சொல்லித் தர்றாங்க. போய்ப் பாரேன்."

"அது என்ன, சண்டையா, டான்ஸா?"

"பார்த்தா ரெண்டும் இல்லாத மாதிரிதான் இருக்கு. என் வீட்டுக்காரி போக ஆரம்பிச்சதுலருந்து என்னைத் திட்டறதைக்கூட மெதுவாத்தான் திட்டறா."

அந்த ஹாலில் எப்போதும் ரப்பர் வாசனை அடிக்கும். பலகைத் தரை. ஒரு சுவரில் மூலை விரிசல் விட்ட கண்ணாடி. நாற்காலிகளை ஓரமாக அடுக்கிவைத்துவிட்டு நடுவில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் தண்ணீருக்கு அடியில் நடக்கிறவர்கள் மாதிரி அசைந்துகொண்டிருந்தார்கள். ஊசிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

சொல்லிக்கொடுத்தவர் பல் செட் செய்கிறவர். அவளைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். விரல் நகத்தில் இளஞ்சிவப்பு மெழுகு ஒட்டியிருந்தது. எல்லோருக்கும் அவர் பல் சார்.

"என்னை குரு அது இதுன்னெல்லாம் சொல்லக்கூடாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "வேற ஊர்ல குடியிருந்தப்போ வீட்டுச் சொந்தக்காரர் தினமும் மொட்டை மாடியில செஞ்சுக்கிட்டிருப்பார். நானும் போய்ப் பக்கத்துல நின்னேன். அவ்வளவுதான். சரி, நில்லுங்க."

அவள் நின்றாள். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லித் தரவில்லை. மற்றவர்கள் ஒரு சுற்று முடிக்கும்வரை பொறுத்துப் பார்த்தாள்.

"நிக்கறதுக்கா சார் நான் பஸ் ஏறி வந்தேன்?"

"எந்தக் கால்ல நிக்கறீங்க?"

"இதென்ன கேள்வி. ரெண்டு கால்லயும்தான்."

"அப்படியா? இடது காலைத் தூக்குங்க."

சுலபமாகத் தூக்கினாள். வலது காலைத் தூக்கச் சொன்னார், தரையில் ஆணி அடித்தது போல அசையவே இல்லை. இத்தனை வருஷமாக இயந்திரத்தின் மிதியை மிதித்த கால் அது. நிற்கும்போதும் அவள் அதன் மேலேதான் நின்றிருக்கிறாள். தனக்கே தெரியாமல்.

"ஒரு கால் நிறைஞ்சிருக்கணும், இன்னொண்ணு காலியா இருக்கணும்" என்றார் பல் சார். "காலியான கால்தான் அடி எடுத்து வைக்கும். வெச்சதும் அது நிறையும், நிறைஞ்சது காலியாகும். இது மாறிக்கிட்டே இருக்கும். இந்தக் கலையில பாதி இதுதான்."

மீதிப் பாதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். சீனாவில் சண்டைக்கென்று பிறந்த கலை அது. மேகம் நகர்வது போல் முகத்துக்கு முன்னால் கையை வீசுகிறோமே, அதற்குள்ளும் ஒரு அடியைத் தடுத்துத் திருப்பிவிடுகிற வேலை மடிந்து கிடக்கிறது. பலம் தோளில் இருந்து வரக்கூடாது. தரையில் இருந்து கால் வழியாக ஏறி, இடுப்பு அதைத் திருப்பிவிட, விரல் நுனியில் வந்து தெரிய வேண்டும். கேட்டுக்கொண்டிருந்த ஊசிக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் பிழைப்பே தோளில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஏன் இவ்வளவு மெதுவாகச் செய்கிறோம் என்று ஒருநாள் கேட்டாள்.

"வேகமா செஞ்சா தப்பெல்லாம் ஒளிஞ்சுக்கும். மெதுவா செஞ்சா அதுக்கு ஒளிய இடம் கிடைக்காது."

உடம்புக்குள் ஓடுகிற 'சீ' என்ற சக்தியைப் பற்றி அந்த ஹாலில் ஓயாத வழக்கு ஒன்று நடந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், உள்ளங்கையில் வெதுவெதுப்பாக அது ஊறுவது தனக்குத் தெரிகிறது என்பார். கூட வருகிற நர்ஸம்மா, அது ரத்த ஓட்டம், மூச்சை நிதானமாக விட்டால் யாருக்கும் கை சூடாகும் என்பார். இருவரும் பல் சாரிடம் வந்து நிற்பார்கள். "பேர் எதை வேணா வெச்சுக்கோங்க. ரெண்டு பேரும் முதல்ல தோளை இறக்குங்க" என்பார் அவர். வழக்கு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும்.

குளிர்காலம் போய் வெயில் வந்தபோது ஊசியின் தலை கழுத்தின் மேல் தனியாகத் திரும்பியது. கப்பலைக் கிண்டல் செய்ய முடியாமல் போனதில் துணி வெட்டுகிறவருக்குத்தான் வருத்தம்.

அப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை ஹாலின் கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணி உள்ளே வந்தாள்.

அண்ணி என்றால் ஊசியுடைய கணவரின் அக்கா. அதே தெருவில் எதிர் வரிசையில் வீடு. ரொட்டிக்கூடத்தில் மாவு பிசைகிற வேலை. கை இரண்டும் தூண் மாதிரி இருக்கும். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிவிட்டது. மாமியார் படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில் ஊசிதான் பார்த்துக்கொண்டாள். அண்ணிக்கு விடியும் முன்னே அடுப்படிக்குப் போகிற வேலை, சாயங்காலம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். மாமியார் இறந்து, வந்த உறவெல்லாம் கலைந்துபோன பிறகு, சமையலறை வாசலில் நின்று அண்ணி சொன்னாள்: "எங்க அம்மாவை உன் கையில விட்டதுதான் நான் செஞ்ச தப்பு."

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஊசி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "விட்டுட்டுப் போனவங்களுக்குப் பேச்சு என்ன வேண்டிக்கெடக்கு" என்றாள்.

அதோடு சரி. இரண்டு வீட்டுக்கும் நடுவே கணவர் மட்டும் தூது போய் வந்தார். "அக்கா வீட்ல கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க" என்பார். "யாரோட அக்கா?" என்பாள் ஊசி. அவர் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்புவார்.

அண்ணி ரொட்டிக்கூடத்தின் ஈரத்தரையில் வழுக்கி விழுந்திருந்தாள் என்பதும், டாக்டர்தான் இங்கே அனுப்பினார் என்பதும் ஊசிக்குத் தெரியாது. ஊசி இங்கே வருகிறாள் என்பது அண்ணிக்கும் தெரியாது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எது முகம், எது சுவர் என்று தெரியாதவர்கள் மாதிரிப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். திரும்பிப் போய்விட்டால் தோற்ற மாதிரி ஆகுமே என்று இரண்டு பேருக்குமே இருந்திருக்க வேண்டும். அண்ணி அடுத்த வாரமும் வந்தாள்.

கொஞ்ச நாளில் பல் சார் ஜோடி சேர்த்துச் செய்கிற பயிற்சியை ஆரம்பித்தார். இருவர் எதிரெதிரே ஒரு காலை முன்வைத்து நின்று மணிக்கட்டின் புறப்பக்கத்தை ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் மெல்ல அழுத்துவார். மற்றவர் அதை வாங்கி, இடுப்பைத் திருப்பி, தன்னைத் தாண்டிப் போகவிட்டு, பிறகு தான் அழுத்துவார். கை பிரியாமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். யார் யாரோடு என்று அவர் விரலை நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். ஊசிக்கு வந்தது அண்ணி.

வேறு ஆளைக் கேட்கலாம். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். இருவரும் முன்னால் வந்து மணிக்கட்டைத் தொட்டார்கள்.

அண்ணி மாவை அழுத்துகிற மாதிரியே அழுத்தினாள். ஊசி விறைத்துக்கொண்டு எதிர்த்தாள். ஒல்லி உடம்பு எவ்வளவு நேரம் தாங்கும்? சறுக்கிக்கொண்டே போய் அடுக்கிவைத்த நாற்காலிகளில் இடித்தாள். மறுமுறை பல்லைக் கடித்துத் தள்ளினாள். அப்போதும் நாற்காலிதான்.

பல் சார் பக்கத்தில் வந்தார். "ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருக்கீங்க, யாரும் கேக்கலையே."

"நாங்க எங்க சார் பேசினோம்?" என்றாள் ஊசி. அது சத்தியமான வார்த்தை.

"கை பேசுதும்மா. கேக்கணும். காதால இல்ல, தோலால. அவங்க எங்கேருந்து தள்றாங்க, பாரம் எந்தக் கால்ல இருக்கு, எல்லாம் அந்த ஒரு இடத்துல தெரியும்."

அடுத்த வாரம் ஊசி தந்திரம் செய்தாள். அண்ணி பலமாக அழுத்திய நேரம் பார்த்துக் கையைச் சட்டென்று எடுத்துவிட்டாள். அண்ணி முன்னால் சரிந்து தடுமாறினாள். தபால்காரர் பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பாள். ஊசிக்கு ஒரு கணம் இனித்தது. அண்ணியின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்ததும் அந்த இனிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"இது விட்டுக்கொடுக்கறது இல்ல, ஓடிப்போறது" என்றார் பல் சார், கோபமில்லாமல். "ஒட்டிக்கிட்டே விலகணும். அவங்க வந்தா நீங்க போகணும், அவங்க போனா நீங்க வரணும். கை மட்டும் விடக்கூடாது."

பிறகு அவள் உண்மையாகவே கேட்க முயன்றாள். வேறு வழியில்லை, பல் சார் ஜோடியை மாற்றவும் இல்லை. கேட்கக் கேட்கத் தெரிந்தது. அண்ணியின் பலமெல்லாம் மேலேதான். முன்னால் வைத்த இடது காலில் அவள் பாரத்தை இறக்குவதே இல்லை. வட்டம் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் மணிக்கட்டில் ஒரு சின்ன நடுக்கம், பூனைக்குட்டியைக் கையில் எடுத்தால் தெரியுமே, அந்த மாதிரி. அதன் பிறகுதான் அவசரமாகத் தள்ளுவாள். ஊசிக்கு அப்போதுதான் புரிந்தது. அண்ணி தன்னைத் தள்ளவில்லை. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்க்கிறாள்.

மறுமுறை அந்த நடுக்கம் வந்தபோது ஊசி எதிர்க்கவில்லை, ஓடவும் இல்லை. தன் கையை ஒரு கைப்பிடிச் சுவர் மாதிரி அங்கேயே இருக்கவிட்டாள். அண்ணி நிதானமாக அந்தக் காலில் இறங்கினாள். கால் தாங்கியது. வட்டம் இடறாமல் சுற்றி வந்தது. மறுபடியும் சுற்றி வந்தது. இருவரும் தரையைப் பார்த்தபடியே சுற்றிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள் என்பதே பிறகுதான் தெரிந்தது.

முடிந்ததும் படியிறங்கும்போது அண்ணி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். கீழே டயர் கடை வாசலில் நின்றாள். திரும்பாமலே கேட்டாள்.

"உன் கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு? நேரத்துக்குச் சாப்பிடறியா இல்லையா?"

இத்தனை வருஷத்தில் முதல் வார்த்தை. ஊசி கடைசிப் படியையும் இறங்கி அவள் பக்கத்தில் வந்தாள். "சாப்பிடறேன் அண்ணி. எனக்குச் சின்ன வயசுலருந்தே கை அப்படித்தான்" என்றாள்.

பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தார்கள். ரொட்டிக்கூடத்து அடுப்பு, கடையில் புதிதாக வந்த துணி என்று எதை எதையோ பேசினார்கள். தங்கள் தெரு முனைக்கு வந்ததும் அண்ணியின் நடை தளர்ந்தது.

"கடைசி நாள்ல நான் வந்து அம்மா கையைப் பிடிச்சேன். அவ கண்ணைத் திறக்காம உன் பேரைச் சொன்னா. நான்தான்னு நினைச்சுக்கலை, நீன்னு நினைச்சுக்கிட்டா. அதைத்தான் என்னால தாங்க முடியல. அப்புறம் எதை எதையோ பேசிட்டேன்."

ஊசியும் நடையைக் குறைத்தாள். "உங்களைக் கேக்காத நாளே கிடையாது அண்ணி" என்றாள். "நீங்க வர்ற நேரமாச்சான்னு மத்தியானத்துலயே ஆரம்பிச்சிடுவாங்க. நான்தான் அதை உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

வாசலில் நின்றிருந்த கணவர் இருவரும் சேர்ந்து வருவதைப் பார்த்தார். அவருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு வந்த வருஷங்கள்தான் ஊசியின் மனசில் நிற்கிற வருஷங்கள். சனிக்கிழமை மத்தியானமே எதிர் வீட்டு வாசலில் இருந்து குரல் வந்துவிடும். போகும்போது குறை சொல்லிக்கொண்டு போவார்கள், வரும்போது சிரித்துக்கொண்டு வருவார்கள். சண்டை இல்லாமலும் இல்லை. ஆனால் சண்டை முற்றினால் அண்ணி பேச்சை நிறுத்திவிட்டு மணிக்கட்டை நீட்டுவாள். சமையலறையிலோ பஸ் நிறுத்தத்திலோ, எங்கே என்று பார்க்கமாட்டாள். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஊசிதான் கூசிப்போவாள், கையையும் நீட்டுவாள்.

பிறகு பல் சார் மகளோடு இருக்கப் போனார். தபால்காரர் காலமானார். டயர் கடைக்காரர் ஹாலையும் கிடங்காக்கிக்கொண்டார். அண்ணியின் மகன் அவளைத் தன் ஊருக்கு அழைத்துப் போனான். தனியாக நின்று செய்கிற அசைவுகளை ஊசி இன்றும் செய்கிறாள். ஜோடிப் பயிற்சிக்குத்தான் ஆள் இல்லை. கணவரை ஒருமுறை நிறுத்திப் பார்த்தாள். கை பட்டதுமே கூச்சம் தாங்காமல் நெளிந்து சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

போன வாரம் அண்ணி போன் செய்தாள். மகன் வீட்டுக் குடியிருப்பில் வயசான பெண்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கார் நிறுத்துகிற இடத்தில் தாய் சீ சொல்லித் தருகிறாளாம்.

"ஏய், ரெண்டு சிறகையும் விரிச்சு நிக்கற மாதிரி ஒரு அசைவு வருமே, அந்தப் பறவை பேர் என்ன?"

"வெள்ளைக் கொக்கு, அண்ணி."

அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "நான் வாத்துன்னு சொல்லிட்டேன். மாசக்கணக்கா எல்லாரும் வாத்து செஞ்சுக்கிட்டிருக்காங்க."

"அதுக்கென்ன, இப்ப மாத்திச் சொல்லுங்க."

"இத்தனை நாள் கழிச்சா? மானம் போயிடும். வாத்தாவே இருந்துட்டுப் போகட்டும். தோளை இறக்கச் சொல்றேன்ல, அது போதும்."

ஊசி சிரித்த சிரிப்பில் உள்ளே படுத்திருந்த கணவர் எழுந்து வந்து என்ன விஷயம் என்று கேட்டார். அவள் கையை ஆட்டி அவரை இருக்கச் சொல்லிவிட்டு, வெயில் குறைந்ததும் ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள் என்று அண்ணியிடம் கேட்டுக்கொண்டாள். மூட்டு வலி விட்டால் வருகிறேன் என்றாள் அண்ணி.