ஆலாத்தி முடித்து டிஸ்கோவுக்குப் போன மாமி

என் மாமி, அதாவது அப்பாவின் தங்கை, லண்டனில் சின்த்பாப் கொடிகட்டிப் பறந்த காலத்தில் வெள்ளைக்காரப் பொடியன்களின் பாண்ட் ஒன்றில் டிரம்ஸ் அடித்தவர். சும்மா விடுகிற கதை இல்லை. யூடியூபில் மங்கலாக ஒரு வீடியோ கிடக்கிறது. முன்னால் கண்ணுக்கு மை பூசிய மூன்று பேர் சின்தசைசரைத் தடவிக்கொண்டு நிற்க, பின்னால் மாமி வெளுத்து வாங்குகிறார்.

பிறகு பாண்டுக்காரர்கள் ஒரு டிரம் மெஷின் வாங்கினார்கள். மாமியை அனுப்ப மனம் வரவில்லை. மெஷினின் பட்டனை அழுத்துகிற வேலையைக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் அழுத்திப் பார்த்தார் மாமி. "பட்டன்தான் அமத்த வேணுமெண்டால் முழு கிளப்புக்கும் அமத்துறன்" என்று சொல்லிவிட்டு டீஜே ஆகிவிட்டார். இதுக்கு மேல் என்ன கெத்து வேண்டும்?

கலியாணம், பிள்ளைகள் என்று அதுவும் ஒருநாள் நின்றது. போன வருஷம், அந்தக் காலத்து கிளப் ஆட்கள் கிங்ஸ் கிராஸில் ஒரு பகல் டிஸ்கோ தொடங்கினார்கள். முழங்கால் வலிக்காரர்கள் மத்தியானம் ஆடிவிட்டு இருட்டமுதல் வீட்டுக்குப் போகலாம். ஒரு ஞாயிறு நாலிலிருந்து ஐந்து மணிவரை மாமிக்குக் கொடுத்தார்கள். சனம் ஆடினால் மாதாமாதம் கூப்பிடுவார்கள். பிந்தி வந்தால் பிந்தின நேரம் போச்சு. ஐந்துக்கு அடுத்த டீஜே ஏறிவிடுவார்.

அதே ஞாயிறுதான் வெம்பிளி ஹோல் ஒன்றில், பெரியபிள்ளையான என் தங்கையின் சாமத்தியவீடு. மாமி இல்லாமல் சாமத்தியவீடா? தண்ணீர் வார்ப்பதிலிருந்து ஆலாத்தி சுற்றுவதுவரை முதலில் நிற்க வேண்டியவரே அவர்தான்.

"கார்ட்டில பதினொண்டு எண்டு போட்டிருக்கு. ரெண்டுக்கு முடியும். மூண்டுக்கு ட்ரெயின். நேரம் காணும்," என்றார் மாமி. எங்கள் ஆட்களின் பதினொன்று எத்தனை மணி என்று நாற்பது வருஷம் இங்கே இருந்தவருக்குத் தெரியாதா? ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

மூன்று மணிக்கும் ஆலாத்தி தொடங்கவில்லை. வீடியோக்காரர் தங்கையைப் பல்லக்கிலிருந்து மூன்றாவது தடவையாக இறக்கிக்கொண்டிருந்தார். "இன்னொருக்கா, தங்கச்சி. புகை காணாது, இன்னும் கொஞ்சம் விடட்டும்."

"மருமோன், இவன் என்ன, படமே எடுக்கிறான்?" என்று மாமி என் காதுக்குள் சீறினார்.

"நீங்கள் போங்கோ மாமி. அம்மாட்ட நான் சொல்லுறன்."

"உனக்கென்ன விசரே? அவள் என்ர மருமோளடா. நான் ஆலாத்தி எடுக்காமல் போறதோ?"

அதற்குமேல் மாமி காத்திருக்கவில்லை. நேரே மேடைக்கு ஏறினார். தட்டோடு நின்ற பெண்களைச் சோடி சோடியாக வரிசையில் நிறுத்தினார். "எல்லாரும் என்ர கையைப் பாருங்கோ. ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு!"

பாட்டுத் தொடங்கமுதல் டிரம்மர் எண்ணுவாரே, அதே எண்ணிக்கை. மாமியின் கைதட்டுக்கு முதல் சோடி தட்டைச் சுற்றி, பொட்டு வைத்து, இறங்கியது. அவர்கள் இறங்கமுதலே அடுத்த தட்டு மேலே. இடையில் ஒரு நொடி வெறுமை இல்லை. தவில்காரர் சிரித்துக்கொண்டே மாமியின் தாளத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அன்ரி, கொஞ்சம் நில்லுங்கோ, ஃபோக்கஸ்..." என்று வீடியோக்காரர் கத்தினார்.

"நிக்க ஏலாது தம்பி. நீர் ஓடிவாரும்!"

"என்ன மச்சாள் இவ்வளவு அவசரம்?" என்றார் அம்மா, வாய் பிளந்தபடி.

"அவசரமில்லை மச்சாள். டெம்போ."

கடைசித் தட்டு இறங்கிய கையோடு ஒருவருக்கும் சொல்லாமல் நழுவினோம். மெட்ரோபொலிட்டன் லைன் ட்ரெயினில் காஞ்சிபுரம் சேலையும் தலை நிறையப் பூவுமாக மாமி. தோளில் ரெக்கோர்ட் பையோடு நான். போய்ச் சேர நாலரை. மொட்டைத் தலையும் லெதர் ஜாக்கெட்டுமாக நின்ற அமைப்பாளர் சேலையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மிச்சம் அரை மணிதான் என்றார். மாமி வளையல்களைக் கழற்றி என் கையில் திணித்தார், முந்தானையை இடுப்பில் செருகினார், ஏறினார்.

நான் மியூசிக் டெக்னாலஜி படித்தவன். இரண்டு பாட்டை ஒரே வேகத்துக்குக் கொண்டுவர லாப்டொப்பில் எனக்கு ஒரு கிளிக் போதும். மாமி அதை விரலால் செய்தார். கையால் டிரம்ஸ் அடித்த பழைய பாட்டொன்று ஓட, மெஷின் அடித்த பாட்டை அதன்மேல் ஏற்றினார். முதலாவது கொஞ்சம் ஓடும், கொஞ்சம் பிந்தும். அது எங்கே பிந்தும் என்று பிந்தமுதலே அவருடைய விரலுக்குத் தெரிந்திருந்தது. சுழலும் ரெக்கோர்டின் ஓரத்தைத் தொட்டுத் தொட்டு மெஷினை வளைத்தார். ஒருகாலத்தில் அவர் வேலையைப் பறித்த மெஷின், இப்போது அவர் சொன்ன இடத்தில் நின்றது. பாருக்குள் இருந்த சனமெல்லாம் எழுந்து வந்துவிட்டது. நானும் கத்தினேன், வெட்கமே இல்லாமல்.

ஐந்து மணிக்கு அடுத்த டீஜே ஹெட்ஃபோனோடு வந்து நின்றார். அமைப்பாளர் ஆடுகிற சனத்தைப் பார்த்தார். பிறகு டீஜேயின் தோளில் கைபோட்டு, பாருக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்த்தினார்.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் ஃபோன். "மச்சாள் எங்கயடா? கேக் வெட்ட எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்!"

மாமியின் காதுக்குள் கத்திச் சொன்னேன். அவர் ரெக்கோர்டிலிருந்து கண் எடுக்கவில்லை.

"வெட்டச் சொல்லு. எனக்கொரு துண்டு எடுத்து வைக்கட்டாம்," என்றவர், அடுத்த ரெக்கோர்டுக்காக என்னிடம் கையை நீட்டினார்.