பல்லக்கில் போனது யார்?

எங்கள் வீட்டுக்கு வாராவாரம் வந்த பத்திரிகையில் ‘இருட்டு ராஜா’ என்றொரு படக்கதை வெளிவந்தது. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் அதற்காக அடித்துக்கொள்ளாத பிள்ளைகள் கிடையாது. எனக்கு அப்போது எழுத்துக்கூட்டத்தான் தெரியும். அதனால் அத்தை படிப்பாள், நான் படம் பார்ப்பேன். அத்தை அப்பாவின் தங்கை. ஸ்ரீரங்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரு ஆடிக்கு வந்தவள் அடுத்த ஆடி வந்தும் எங்கள் வீட்டிலேயே இருந்தாள்.

கொடுங்கோல் அரசன் ஒருவன் தன் ராணியையே கோபுரத்தில் அடைத்துவைக்கிறான். முகமூடி போட்ட இருட்டு ராஜா கயிறு வீசி ஏறி அவளை மீட்கிறார். கடைசி வாரத்தில் அரசன் ராணியின் காலில் விழுந்தான். அடுத்த படத்தில் ஒரு பல்லக்கு அரண்மனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு பெண் முகம்.

“ராணி திரும்பிப் போயிட்டாளா அத்தே?”

“அது வேலைக்காரிடி. ராணி வேஷம் போட்டு அனுப்பியிருக்காங்க. நெஜ ராணி இந்த மரத்துக்குப் பின்னால நிக்கிறா பாரு.”

மரத்துக்குப் பின்னால் அச்சு மை அப்பிக் கிடந்தது. உற்றுப் பார்த்ததில் எனக்கு ராணி தெரிந்தாள். அவள் குதிரையேறி வேறு தேசம் போய், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தாள் என்று அத்தை முடித்தாள். அவ்வளவும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் எப்படி அச்சாகியிருந்தது என்று நான் கேட்கவில்லை.

பிறகு கதை சினிமாவாக வந்தது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை அத்தையை அழைத்துப்போக ஸ்ரீரங்கத்திலிருந்து அவள் புகுந்த வீட்டார் வருவதாக ஏற்பாடு. போவதற்குள் ஒரு படம் பார்க்கட்டும் என்று முந்தின நாள் அப்பா எங்கள் எல்லோரையும் டவுனுக்கு மாட்னி ஷோ கூட்டிப்போனார்.

ஆரம்பத்திலேயே எனக்குப் பொறுக்கவில்லை. நடிகரின் முகம் தெரிய வேண்டுமே என்று இருட்டு ராஜா முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார். கறுப்புக் குதிரை வெள்ளையாகியிருந்தது. புத்தகத்தில் இல்லாத தாயார் ஒருத்தி இருமிக்கொண்டே வந்தாள். கயிறு வீசி ஏற வேண்டிய கோபுரத்தில் அவர் படிக்கட்டு வழியாக ஏறினார், அதுவும் பாடிக்கொண்டு. ஒவ்வொன்றுக்கும் நான் “தப்பு” என்றேன். ஒவ்வொன்றுக்கும் அம்மா தொடையில் கிள்ளினாள்.

கடைசியில் பல்லக்கு வந்தது. ராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். நான் நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டேன்.

“அது ராணி இல்ல, வேலைக்காரி! ராணி மரத்துக்குப் பின்னால இருக்கா!”

கொட்டகையே சிரித்தது. தரை டிக்கெட்டிலிருந்து ஒருவர், “பாப்பா சொல்லுதுல்ல, யாராச்சும் போய்ப் பாருங்கய்யா!” என்று கத்தினார். அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். விளக்கு போட்டபோது அவள் கண்கள் சிவந்திருந்தன. ரொம்பச் சிரித்தால் அப்படித்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் அப்பா என்னை மடியில் இருத்திக்கொண்டார். அடி விழப்போகிறது என்று பயந்தேன்.

“வேலைக்காரின்னு யாரு சொன்னா?”

“அத்தைதான் படிச்சாங்க.”

“ராணி அப்புறம் எங்க போனாளாம்?”

குதிரை, வேறு தேசம், கணக்குப் பாடம் எல்லாம் சொன்னேன். “புஸ்தகத்துல எங்க அப்படி இருக்கு?” என்று ஆரம்பித்த அம்மாவை அப்பா கையமர்த்தினார். முன் சீட்டில் அத்தை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தையின் கணவர் தன் பெரியவர்களோடு வந்தார். தாம்பாளத்தில் பூ, வெற்றிலை, நான் அதுவரை கடையில் மட்டுமே பார்த்திருந்த கறுப்புத் திராட்சை. அத்தையின் டிரங்குப் பெட்டி தயாராக இருந்தது.

“இனிமே கை நீட்ட மாட்டேங்க” என்றார் மாமா, தரையைப் பார்த்தபடி.

“காபி சாப்பிடுங்க” என்றார் அப்பா. “தங்கச்சி இங்கயே இருக்கட்டும். ஜூன்ல டீச்சர் டிரெயினிங்ல சேர்க்கலாம்னு இருக்கேன்.”

கொஞ்ச நேரம் உரத்த பேச்சு. பிறகு தாம்பாளத்தை அப்பா கையாலேயே எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். அடுக்களை வாசலில் நின்ற அத்தை என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நானும் சேர்ந்து அழுதேன். ஒரு கொத்துத் திராட்சையையாவது எடுத்துக்கொண்டு அனுப்பியிருக்கலாமே என்று அன்று முழுவதும் அப்பாவோடு பேசவில்லை.