கொக்குகளின் முதுகுப்பக்கம்

காமோ ஆற்றுக் கொக்குகள் அத்தனையும் வரிசையில் வந்து நின்று, "எங்களை வரை, எங்களை வரை" என்று மியோரியைக் கெஞ்சின. சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். வந்தது ஒரே ஒரு கொக்கு. அதுவும் அவள் கையிலிருந்த சோற்றுருண்டைக்காக.

அந்த ஒன்றை வைத்தே ஒரு கூட்டத்தை வரைந்துவிட்டாள் அந்த வடிவமைப்புக் கல்லூரிக்காரி. யுகாதா என்னும் கோடைக் கிமோனோவுக்கான துணிப் போட்டி அது. ஜெயிக்கிற துணியைத்தான் அந்த வருஷத் திருவிழாவில் கியோட்டோப் பெண்கள் உடுத்துவார்கள். தன் கொக்குகள் தெருவெல்லாம் நடக்க வேண்டும், அவ்வளவுதான் மியோரியின் ஆசை. நீளக் காகிதத்தைச் சுவரில் தொங்கவிட்டு வரைந்தாள். ஒவ்வொரு கொக்கும் காலூன்றி, தலைநிமிர்ந்து நின்றது. இறுதிச் சுற்றுக்கும் தேர்வாகிவிட்டது.

அப்புறம் ஒருநாள் பேருந்தில், தோளில் பூனைப் படங்கள் போட்ட துண்டோடு நின்ற ஒருவர் இறங்கத் திரும்பினார். அவர் மார்பில் நேராக உட்கார்ந்திருந்த பூனைகள், முதுகில் தலைகீழாகத் தொங்கின.

மியோரி தன் தோளைத் தடவிப் பார்த்தாள். யுகாதாவுக்குத் தோளில் தையல் ஏது? ஒரே துணி முன்னாலிருந்து தோளேறிப் பின்னால் இறங்கும். அதனால்தான் பாதி மேல்நோக்கியும் பாதி கீழ்நோக்கியும் வரைவார்கள்; இவளோ எல்லாவற்றையும் நிமிர்த்தியே வரைந்திருந்தாள். சின்ன வயசிலிருந்து உடுத்துகிறவள், தன் முதுகை என்றைக்குப் பார்த்தாள்?

போட்டி நடத்துகிறவர்களுக்குப் போன் போட்டாள்.

"ஒரே ஒரு திருத்தங்க..."

"மன்னிச்சுக்கோங்க, சாயம் ஏத்தித் தைக்கவும் குடுத்தாச்சு."

தோழி கசுமி தேற்றினாள். "விடுடி. கொக்கு மீனுக்கு முங்குதுன்னு சொல்லிடு."

"அங்க விதிப்படி நாம வாயே திறக்கக் கூடாதுடி!"

போட்டியன்று யுகாதா கோலில் கைவிரித்துத் தொங்கியது. பக்கத்தில் மியோரி, கைகளைக் கட்டிக்கொண்டு. நடுவர்கள் முன்பக்கத்தைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டினார்கள். 'இங்கேயே நில்லுங்களேன்' என்று மனசுக்குள் மன்றாடினாள். அவர்கள் மெதுவாகப் பின்பக்கம் போனார்கள். அங்கே கொக்குகள் எல்லாம் கால் மேலே, தலை கீழே.

அரங்கமே குலுங்கிச் சிரித்தது. ஒரு நடுவர் விலாவைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தச் சிரிப்போடு பரிசும் போயிற்று...

"அளக்காதீங்க அத்தை," என்றாள், என் பக்கத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மியோரி. "யாரும் சிரிக்கல. குனிஞ்சு ஒரு வணக்கம் வெச்சுட்டு அடுத்த துணிக்குப் போயிட்டாங்க. சிரிச்சிருந்தா நானும் கூடச் சிரிச்சிருப்பேன்."