‘உறவு’ என்று ஒரு கட்டம்

குடிவரவு அலுவலகத்துக்கு எதிரே இருபத்திரண்டு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தாய்லாந்தின் எல்லை ஊரான இந்த நோங் காயில் ஓய்வுக்கால விசாவில் இருக்கும் வெள்ளைக்காரர்களில் பாதிப் பேருடைய பாஸ்போர்ட் நம்பர் எனக்கு மனப்பாடம். உள்ளே இருக்கும் அதிகாரிகள் கேட்கப்போவதை அவர்களுக்கு முன்பே நான் கேட்டுவிடுவேன். இந்தப் பிம்பாவுக்கு வாய் நீளம் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். இந்தக் கதையில் தப்பு என்னுடையது என்பதையும் அதே வாயால்தான் சொல்லப்போகிறேன்.

வீபே ஹூக்ஸ்ட்ரா எழுபத்தொரு வயது நெதர்லாந்துக்காரர். அவருடைய ஊரில் கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்கும் வேலை பார்த்தவர். படகு வந்தால் தூக்க வேண்டும், படகு போனதும் இறக்க வேண்டும். முப்பத்தாறு வருஷம் இதையே செய்திருக்கிறார். “போர் அடிக்கலையா மாமா?” என்று ஒரு தடவை கேட்டேன். “ஏன் அடிக்கணும்? ஒவ்வொரு தடவையும் வேற படகுதானே” என்றார். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. ஒரு குளிர்காலம் முழுக்க யாரிடமும் பேசாமல் இருந்து பார்த்துவிட்டு, இது சரிப்படாது என்று இங்கே வந்தார். வந்த இரண்டாவது மாதம் கம்பூன் அக்காவைச் சந்தித்தார்.

கம்பூன் அக்கா ஆற்றங்கரைச் சந்தையில் பப்பாளிக்காய் சாலட் இடித்து விற்பவள். அவளுடைய முதல் கணவர் ரயில்வேயில் வேலை பார்த்து இறந்துபோனவர். அவர் பேரில் அவளுக்கு மாதாமாதம் ஓய்வூதியம் வருகிறது. மறுமணத்தைப் பதிவு செய்தால் அது நின்றுவிடும். அதனால் அவளும் வீபேயும் ஊரைக் கூட்டி, மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டிக்கொண்டு, கோழி அவித்து, ஒட்டரிசிச் சோறு போட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். பதிவு அலுவலகம் இருந்த பக்கம் மட்டும் போகவில்லை. எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட கல்யாணங்கள் நிறைய.

வெளிநாட்டுக்காரர் ஒருவர் எந்த வீட்டில் தங்கினாலும், அந்த வீட்டின் சொந்தக்காரர் ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். படிவத்தின் ஓரத்தில் ‘உறவு’ என்று சின்னதாக ஒரு கட்டம் இருக்கும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர்களுக்கு அதை நிரப்பிக் கொடுத்தது நான்தான். ‘கணவர்’ என்று எழுதினால் பதிவுச் சான்று எங்கே என்பார்கள். ‘நண்பர்’ என்று எழுதினால் ஆயிரம் கேள்வி வரும். ‘வாடகைக்கு இருப்பவர்’ என்று எழுதினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதன் நகல் வருஷா வருஷம் விசா விண்ணப்பத்தோடு போகும். நான் பென்சிலால் குறி போட்ட இடத்தில் அக்கா கையெழுத்துப் போடுவாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒரு நாளும் படித்ததில்லை.

போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் புரையை எடுத்தார்கள். வந்தது வினை. கண் தெளிந்ததும் அக்கா கண்ணில் பட்டதையெல்லாம் படிக்க ஆரம்பித்தாள். மீன் சாஸ் பாட்டில், மருந்துச் சீட்டு, பேருந்தின் முதுகில் எழுதியிருப்பது என்று எதையும் விடவில்லை. ஒரு நாள் அலமாரியைத் துடைக்கும்போது வீபேயின் விசாக் கோப்பு கையில் கிடைத்தது. அன்று நடந்ததை இருவருமே பிற்பாடு தனித்தனியாக வந்து என்னிடம் சொன்னார்கள். ஆச்சரியம், இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

“இது என்ன?” என்று கேட்டிருக்கிறாள்.

“விசாப் பேப்பர்.”

“வாடகைக்கு இருக்கறவர்னு போட்டிருக்கே. எந்த மாசம் எனக்கு வாடகை குடுத்த?”

“அது சும்மா, பேப்பருக்கு.”

“அப்போ பதினோரு வருஷமா உனக்குச் சோறு ஆக்கிப் போட்டவ, பேப்பர்ல யாரு?”

இந்த இடத்தில் வீபே சிரித்திருக்கிறார். கம்பூன் அக்கா கோப்பை மூடி அவர் கையில் கொடுத்தாள். “வாடகைக்கு இருக்கறவன்னா காலி பண்ணச் சொல்ற உரிமை எனக்கு இருக்கு. காலி பண்ணு” என்றாள். அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. பையில் இரண்டு சட்டையைத் திணித்துக்கொண்டு, பேருந்து ஏறி, எல்லைப் பாலத்தைத் தாண்டி லாவோஸ் நாட்டு வியஞ்சனில் இருக்கும் ஒரு பழைய நண்பரின் வீட்டுக்குப் போய்விட்டார்.

இரண்டு ராத்திரி அங்கே இருந்தார். அதோடு ரோஷம் தீர்ந்தது, திரும்பி வந்தார். வந்த பிறகுதான் செய்த காரியம் புரிந்தது. வருஷ விசாவில் இருப்பவர்கள் நாட்டை விட்டு வெளியே போவதற்கு முன்னால், திரும்பி வருவதற்கு அனுமதி முத்திரை ஒன்று வாங்கியாக வேண்டும். வாங்காமல் எல்லையைத் தாண்டினால் விசா அங்கேயே செத்துப்போகும். என் கடைக் கண்ணாடியில் இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருப்பதே வீபேதான். புதிதாக வருகிற ஒவ்வொரு வெள்ளைக்காரரையும் சட்டையைப் பிடித்து நிறுத்தாத குறையாக இதைச் சொல்லுவார். ஆனால் கோபத்தில் கிளம்புகிறவன் முத்திரை வாங்கிக்கொண்டா கிளம்புவான்?

“முப்பத்தாறு வருஷம் பாலத்துலயே நின்ன மனுஷன், ஒரு பாலத்தத் தாண்டி மாட்டிக்கிட்டீங்களே மாமா” என்று சிரித்தேன். அவர் பாஸ்போர்ட்டை விரித்து மேசையில் வைத்தார். சுற்றுலாக்காரர்களுக்குத் தருகிற ஒரு மாத முத்திரை அடித்திருந்தது. பதினோரு வருஷமாக நீட்டி நீட்டி வைத்திருந்த விசா போய்விட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றது.

இனி முதல் படியிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். முத்திரையில் பதினைந்து நாளாவது மிச்சம் இருக்கும்போது கொடுத்தால்தான் வாங்குவார்கள். வங்கியில் வைக்க வேண்டிய பணத்தை அவர் தொடவே இல்லை, அதில் சிக்கல் கிடையாது. சிக்கல் எல்லாம் அந்தப் படிவத்தில்தான். வீட்டுக்காரி புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரி கதவைப் பூட்டிவிட்டாள். வீபே பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்துத் தங்கினார்.

எனக்குக் குற்ற உணர்ச்சி. “மாமா, என் கடை மாடியில ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு. அங்க இருக்கறதா நான் எழுதித் தரேன். விசா வந்தப்புறம் சண்டைய மெதுவாத் தீத்துக்கலாம்” என்றேன்.

“நான் அங்க இல்லையே.”

“ரெண்டு நாள் வந்து படுத்துக்குங்க. அப்போ இருந்ததா ஆயிடும்ல?”

“நான் இருக்கற வீடு அது ஒண்ணுதான் பிம்பா. அவ எழுதித் தரலைன்னா எனக்கு இந்த ஊர்ல வீடு இல்லைன்னு அர்த்தம். வீடு இல்லாத ஊர்ல விசா எதுக்கு?”

பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். திரும்பிப் போனால் அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லை என்றார். சொல்லும்போது குரல் கூட மாறவில்லை. தினமும் காலையில் அவர் அக்கா வீட்டு வாசல் வரைக்கும் நடந்து போய்விட்டுத் திரும்பிவிடுகிறார் என்று சந்தையில் சொன்னார்கள். ஒரு நாள்கூட மணியை அடிக்கவில்லையாம்.

அவர் திரும்பி வந்து பன்னிரண்டு நாள் ஓடிவிட்டது. விண்ணப்பத்தோடு வீட்டு எண்ணைக் கையால் காட்டியபடி ஒரு போட்டோவும் வைக்க வேண்டும். அதைச் சாக்காக வைத்து, பதின்மூன்றாவது நாள் சாயங்காலம் அவரை இழுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வீபே பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று, பள்ளிக்கூடப் பையனைப் போல எண் பலகையை விரலால் காட்டினார். நான் போனைத் தூக்கும்போது கேட்டுக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது.

“வாடகைக்காரர் எதுக்கு என் வீட்டு நம்பரத் தொடறாரு?”

கம்பூன் அக்கா கையில் விளக்குமாறோடு நின்றாள். இளைத்திருந்தாள். வீபே விரலை எடுத்துவிட்டார், என் பக்கம் கையைக்கூடக் காட்டவில்லை. அந்த வார்த்தையை எழுதியது யார் என்பதை இத்தனை நாளாக அவர் அவளிடம் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொல்லியிருந்தால் பழி என் தலையில் விழுந்து, அவர் என்றைக்கோ வீட்டுக்குள் போயிருப்பார்.

“அக்கா, அத எழுதினது நான்” என்றேன். “அவருக்கு அப்போ நம்ம எழுத்துல அவர் பேரே படிக்கத் தெரியாது. உன் பென்ஷன் நிக்கக் கூடாதேன்னுதான் எழுதினேன். ஒன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டுட்டேன்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “நீயா? பதினோரு வருஷமா என் கடையில வந்து ஓசில தின்னுட்டுப் போறியேடி. ஒரு நாளாவது வாய் தொறந்தியா? ஊர்க் கதையெல்லாம் பேசற வாயி, இதுக்கு மட்டும் மூடிக்கிச்சா?”

“தப்புதான்க்கா.”

“எழுதினது யாரா வேணா இருக்கட்டும். அது கவர்மென்ட்டு பேப்பர், அதுல பொய்யும் இருக்கும் நெஜமும் இருக்கும். நான் கேட்டப்போ இந்த ஆளு சிரிச்சாரு பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல.”

வீபே கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எங்கள் பேச்சு அவருக்குப் புரியும், ஆனால் பேசும்போது வார்த்தைகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். “எனக்குப் பதில் தெரியல” என்றார். “நீ யாருன்னு கேட்ட. மனசுல தெரியும், பேச்சுல வரல. அதான் சிரிச்சேன். நான் சிரிச்சது தப்பு.”

கம்பூன் அக்கா விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் இருட்டுவதற்கு முன்னால் திரும்பிவிட்டோம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை; சனி, ஞாயிறு அலுவலகம் கிடையாது என்பதால் அதுதான் கடைசி நாள். அன்று காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே கம்பூன் அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கோயிலுக்குப் போகும்போது உடுத்துகிற பட்டுப் பாவாடை கட்டியிருந்தாள். “அந்தப் பேப்பரக் குடு. பேனா நானே வச்சிருக்கேன்” என்றாள். நான் கை நீட்டியதும் தட்டிவிட்டாள். “நீ எழுதினதெல்லாம் போதும்.”

மேசையில் குனிந்து, ஒவ்வொரு கட்டத்தையும் வாய்விட்டுப் படித்து நிதானமாக நிரப்பினாள். உறவு என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றது. ‘கணவர்’ என்று எழுதிவிடுவாளோ என்று எனக்குப் படபடப்பாக இருந்தது. அப்படி எழுதினால் இன்றைக்கு விண்ணப்பமும் போய்விடும், அவளுடைய ஓய்வூதியத்துக்கும் வம்பு வரும். அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ‘வாடகைக்கு இருப்பவர்’ என்று முத்து முத்தாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். அதற்குள் வீபே வந்து அவளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த எழுத்துகளை இப்போது அவரால் படிக்க முடியும்.

மூவருமாக உள்ளே போனோம். அன்றைக்கு மேசையில் புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஓர் இளம்பெண் அதிகாரி. காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். போட்டோவைப் பார்த்தார், வங்கிக் கடிதத்தைப் பார்த்தார். படிவத்துக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

“வாடகைக்கு இருக்கறவரா? வாடகை எவ்ளோம்மா? ஒப்பந்தம் இருக்கா?”

பதினோரு வருஷத்தில் யாருமே இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

“ஒப்பந்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்றாள் கம்பூன் அக்கா. “வாடகைன்னு ஒரு பாட் காசு கூட இந்த ஆளு எனக்குக் குடுத்ததில்ல.”

“அப்புறம் எதுக்கும்மா வச்சிருக்கீங்க? காலி பண்ணச் சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேனே மேடம். ரெண்டு வாரமா வெளிய தள்ளித்தான் வச்சிருந்தேன்.” அக்காவின் குரல் லேசாக இறங்கியது. “லாட்ஜுல இவரு நல்லாத் தூங்கினாரோ என்னமோ. எனக்குச் சோறு இறங்கல.”

அதிகாரி வேறு எதுவும் கேட்கவில்லை. முத்திரையை எடுத்து விண்ணப்பத்தின் மேல் அடித்தார். ரசீதை வீபே பக்கம் தள்ளி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். வீபே பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“அழுகையெல்லாம் வீட்டுல போய் வச்சுக்கலாம்” என்றாள் கம்பூன் அக்கா. “மொதல்ல கையெழுத்தப் போடு.”