சண்டைக்காரிக்குக் கட்டிய சேலை

போன மாதம் ஒரு டெம்போ வந்து, மும்பை செம்பூரில் என் பட்டறை வாசலில் ஆளுயர வீடியோ கேம் பெட்டி ஒன்றை இறக்கிவிட்டுப் போனது. காசு போட்டு, நின்றுகொண்டே விளையாடுவோமே, அந்தப் பெட்டி. இப்போது அவற்றைத் தேடிப் பிடித்து ஹோட்டலிலும் பாரிலும் அலங்காரமாக நிறுத்துகிறார்கள். பக்கப் பலகைகளில் இருக்கும் படங்களைக் கழுவிப் புதுப்பித்துக் கொடுப்பது என் தொழில். இதைச் சொன்னால் பெண் வீட்டார் முழிப்பார்கள். நல்லவேளை, எனக்குக் கல்யாணமாகி வெகுகாலம் ஆகிவிட்டது.

சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்ததும் பீடிப் புகையும் வடாபாவ் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை கிளம்பியது. எனக்கு நன்றாகத் தெரிந்த வாசனை. பிசுக்கு விலகியதும் பச்சைச் சேலை தெரிந்தது, சிவப்புக் கரை போட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சேலையைக் கட்டிவிட்டவன் நான்தான்.

இருபத்திரண்டு வயதில் தாராவியில் ஓர் அண்ணாச்சியின் கேம் பார்லரில் வேலை பார்த்தேன். நாலு பெட்டி, ஒரு மின்விசிறி. விசிறி எப்போதும் அண்ணாச்சி பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும். ஐந்தாவதாக வந்தது இந்தப் பெட்டி. அதன் பக்கவாட்டில் வெளிநாட்டுச் சண்டைக்காரி ஒருத்தி, ஒரு காலை வானத்துக்குத் தூக்கி உதைத்துக்கொண்டிருந்தாள். உடுப்பு என்று பார்த்தால் கைக்குட்டை அளவுதான். வந்த வாரமே கூட்டம் அலைமோதியது. அடுத்த வாரம் தாய்மார்கள் வந்தார்கள்.

ஏழெட்டுப் பேர், எல்லாரும் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். முன்னால் நின்றவர், பார்லர் நடந்த அறையை அண்ணாச்சிக்கு வாடகைக்கு விட்டவரின் மனைவி.

"படத்த எடுக்கியளா, கடைய எடுக்கியளா அண்ணாச்சி?"

அந்தக் கடையை விட்டால் அண்ணாச்சிக்கு வேறு போக்கிடம் இல்லை. ஊரில் இருந்ததையெல்லாம் விற்றுவிட்டு வந்தவர். பேசாமல் வெள்ளையடித்துவிடலாம் என்றேன்.

"படம் இல்லன்னா ஒரு பயலும் எட்டிப் பாக்க மாட்டாம்லே. நீதான் படம் போடுவியே, ஒரு பாவாட தாவணியப் போட்டு விடு."

பள்ளிக்கூடத்தில் மயில் வரைந்து பரிசு வாங்கியதை அவரிடம் அளந்திருந்தது என் தப்பு.

பாவாடை சரிப்படவில்லை. கால் வானத்தில் இருந்தால் பாவாடை எங்கே போகும்? சாக்கட்டியால் மூன்று விதமாகக் கோடு போட்டு அழித்தேன். மூன்றுமே முதலில் இருந்ததைவிட மோசம். பக்கத்தில் மீன் விற்ற மராத்திக்காரியை எல்லாரும் மௌசி, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவோம். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "நவ்வாரி நேசவ் நா ரே," நவ்வாரி கட்டிவிடேன்டா என்று சொல்லி, தான் கட்டியிருந்த ஒன்பது கஜத்தைத் திரும்பி நின்று காட்டினாள். கால்களுக்கு நடுவே வாரிப் பின்னால் செருகும் கட்டு அது. அந்தக் கட்டோடு, தலையில் மீன்கூடையோடு, கூட்டமான ரயிலில் ஏறுகிறவள். ஓர் உதை என்ன பெரிய விஷயம்? அவளைப் பார்த்துப் பார்த்தே எனாமல் பெயின்டில் சேலையைப் போட்டு முடித்தேன்.

தாய்மார்கள் மறுபடி வந்தார்கள். வெகுநேரம் பார்த்தார்கள். அதுவரை அண்ணாச்சி மூச்சு விட்டாரா என்பது சந்தேகம்தான்.

"மராட்டிக்காரியா ஆக்கிட்டியளே," என்றார் முன்னால் நின்றவர். "சரி, மூடியாச்சுல்லா. இருக்கட்டும்."

கடை பிழைத்தது.

இப்போது பெட்டியை வாங்கியிருப்பவர் பார் நடத்தும் ஓர் இளைஞர். கதையைச் சொன்னேன், ரசித்துக் கேட்டார். கேட்டுவிட்டு, "அங்கிள், முஜே ஒரிஜினல் சாஹியே," என்றார். அவருக்கு ஒரிஜினல் படம்தான் வேண்டுமாம். தொழில் தொழில்தானே. தின்னரில் பஞ்சை நனைத்து முந்தானையிலிருந்து ஆரம்பித்தேன். பச்சை கரைந்து வந்தது. அடியில் வெளிநாட்டுக்காரியைக் காணோம். வெறும் பலகை. இடுப்புவரை போன பிறகுதான் உறைத்தது. எனாமல் நன்றாகப் பிடிக்கவேண்டும் என்று, அன்றைக்கு உப்புத்தாள் போட்டு மரம் தெரியத் தேய்த்திருக்கிறேன். தெரியாத தொழிலைச் சிரத்தையாகச் செய்ததில் வந்த வினை. ஒரிஜினலை அன்றே அழித்தாயிற்று, சேலையை இன்று. கழுவுமுன் எடுத்த போட்டோவில் கருப்புப் பிசுக்கைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

இளைஞர் கோபப்படவில்லை. இன்டர்நெட்டில் படத்தைத் தேடி எடுத்து, ஸ்டிக்கராக அச்சடித்து அனுப்பினார். ஒட்டிக் கொடுத்தேன். பளபளவென்று இருக்கிறாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

பார்லர் இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். மௌசி எங்கே போனாள் என்று கேட்க அங்கே தெரிந்த முகம் எதுவும் இல்லை. அண்ணாச்சி மட்டும் டோம்பிவிலியில் மகன் வீட்டில் இருக்கிறார். பெட்டி வந்த அன்றைக்கே அவருக்கு ஒரு போன் போட்டிருக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் போட்டேன்.

"நம்ம பெட்டியாடே? சேல அப்படியே இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி."

"கடதான் போச்சு, அதாவது இருக்கே. ஒரு நா வந்து பாக்கணும்."

மூட்டுவலியோடு ஸ்டேஷன் படியேறி இவ்வளவு தூரம் அவர் வரமாட்டார் என்ற தைரியத்தில், "வாங்க அண்ணாச்சி," என்றேன்.