பால் மங்கில் வளர்த்த பாசி

நாற்பத்து நான்கு வயதில் முதல் முறையாக எனக்கென்று ஒரு முழுச் சுவர் கிடைத்தது, ஈப்போவில் ஒரு பழைய கடைவீட்டுக் கலைக்கூடத்தில். பள்ளி ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் நான். கண்ணாடிக் குழாய் கழுவுகிறவளுக்குக் கலை எதற்கு என்று கேட்டவர்கள் யார் யார் என்று இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

பீடோர் பக்கம் மூடிப்போன ரப்பர் தோட்டத்தில் கிடந்த பால் மங்குகளை, அதாவது மரத்தில் கட்டிப் பால் பிடிக்கும் கிண்ணங்களை, வரிசை வரிசையாகச் சுவரில் மாட்டி, ஒவ்வொன்றிலும் பச்சைப் பாசி வளர்ப்பதுதான் என் திட்டம். கீழே ஒரு தொட்டி. மீன்தொட்டி மோட்டார் அதிலிருந்து பாசித் தண்ணீரை எல்லா மங்குக்கும் ஏற்றி இறக்கும். ஈயம் தோண்டி எடுத்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய பழைய ஈயக்குட்டையில் பாசி அள்ளினேன். லோரி ஓட்டும் என் கணவர் மங்குகளை ஏற்றி வந்தார்.

"லோங்காங் தண்ணிய செவுத்துல மாட்டப் போறியா?" என்று என் பாசியைச் சாக்கடைத் தண்ணீராக்கி வழியெல்லாம் சிரித்தார்.

கலைக்கூடத்தை நடத்தும் சீனப் பெண்மணி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். திறப்பு விழாவன்று பாசி உயிரோடு இருக்க வேண்டும். செத்துப்போனால் சுவர் வேறொருவருக்கு.

விழாவுக்கு மூன்று வாரம் முன்னதாகவே பச்சை பிடித்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கண் பட்டுவிடுமே என்று ஒரு செம்பில் மஞ்சளும் கல்லுப்பும் அள்ளிப் போட்டுக் கரைத்துச் சுவரைச் சுற்றித் தெளித்தேன். மீதியைக் கால் மிதிக்கும் இடத்தில் ஊற்றக் கூடாது. அங்கே யார் காலும் படாத இடம் தொட்டி ஒன்றுதான். ஊற்றினேன். இருபது வருடம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த கை!

மூன்றாம் நாள் தண்ணீர் பழுத்து நாறியது. மோட்டார் என் மஞ்சளையும் உப்பையும் எல்லா மங்குக்கும் ஒழுங்காகப் பரிமாறியிருந்தது. குட்டைக்கு ஓடினால், வீடு கட்ட மண் கொட்டி மூடியிருந்தார்கள். அழுதேன். ஒன்றுமே செய்யாத கணவரைப் பிடித்துத் திட்டினேன்.

அவர் ஏணியில் ஏறினார். "இங்க பாரு, மேல் வரிசை பச்சையா இருக்குலா!"

குழாய் பற்றாமல் இணைக்காமல், கையால் பாசித் தண்ணீர் ஊற்றி விட்ட பதினோரு மங்கு. என் அரைகுறை வேலைக்கு அன்றுதான் முதல் முறையாகச் சந்தோஷப்பட்டேன்.

மற்ற எல்லாவற்றையும் கழற்றிக் கழுவினோம். மழைத்தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, துளி உரம் கலந்து, பதினொன்றை இருபத்திரண்டாகவும் அதை நாற்பத்து நான்காகவும் பிரித்துக்கொண்டே போனோம். மோட்டாரை ஒதுக்கிவிட்டதால், பாசி அடியில் தங்கிவிடாமல் காலையில் அவர் ஒவ்வொரு மங்காகக் கலக்கிவிடுவார், பள்ளி விட்டதும் நான்.

திறப்பு விழாவன்று சுவர் முழுக்கப் பச்சை. வந்தவர்கள் மங்குக்குள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். சின்னச் சின்னக் குமிழிகள் மேலே வந்துகொண்டிருந்தன. கலைக்கூடத்துப் பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"யாரு செஞ்சது இது?" என்று ஒருவர் கேட்டார்.

"நாங்கதான்லா," என்றார் கணவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போனேன். "கொன்னது நான் ஒருத்தி. பொழைக்க வச்சதுதான் நாங்க ரெண்டு பேரும்," என்றேன். அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல எனக்குத் துளிகூட வெட்கமாக இல்லை.